விசுவாச அறிக்கை ஒன்றுதான். அப்புறம் எந்தச் சபையில் சேருவது?

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தார். சொந்த ஊர் நாசரேத் பக்கம். வேலை சென்னையில், வீடு பெருங்களத்தூரில். பிறந்ததிலிருந்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). மனைவி மதுரைக்காரர், அசெம்பிளிஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவர். எட்டு மாதத்தில் ஒரு பையன்.

"அண்ணே, ஊர்ல அம்மா, பிள்ளைக்கு எப்ப ஞானஸ்நானம்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. இவ வீட்ல, அவன் வளர்ந்து தானா எடுக்கட்டும்ங்கிறாங்க. நாங்க வாரம் ஒரு சபைன்னு சுத்துறோம். நாலு சபையோட விசுவாச அறிக்கையையும் வாங்கிப் படிச்சேன். எல்லாத்துலயும் ஒண்ணுதான் எழுதியிருக்கு!"

அவர் படித்தது சரி. எழுதியிருப்பது ஒன்றுதான். வித்தியாசம் வேறு நாலைந்து இடங்களில் இருக்கிறது, அதையெல்லாம் யாரும் அச்சடித்துக் கையில் கொடுப்பதில்லை. இதே கேள்வியோடு வேறு சிலரும் வருவதால், அவரிடம் ஒரு மணி நேரம் பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டைப் பக்கம் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவன். கல்லூரி நாட்களில் நான்கு வருடம் சகோதரர் சபை. கல்யாணத்துக்குப் பிறகு ஆறு வருடம் ஒரு பெந்தெகொஸ்தே சபை. இப்போது திரும்பவும் சி.எஸ்.ஐ.யில் பின்வரிசையில் உட்காருகிறேன். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

## எல்லாரும் ஒத்துப்போகிற பகுதி

'சுவிசேஷ சபை' என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் யாரிடமும் கேளுங்கள், ஏறக்குறைய இதைத்தான் சொல்வார்கள். வேதாகமம் தேவனால் அருளப்பட்டது. விசுவாசத்துக்கும் நடக்கைக்கும் அதுவே கடைசி அதிகாரம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற ஒரே தேவன். இயேசு கன்னியிடத்தில் பிறந்து, பாவமில்லாமல் வாழ்ந்து, நம் பாவங்களுக்காகச் சிலுவையில் மரித்து, சரீரத்தோடு உயிர்த்தெழுந்தார், திரும்ப வருவார். மனுஷன் தன் நற்கிரியைகளால் இரட்சிக்கப்படுவதில்லை. கிருபையினாலே, விசுவாசத்தைக் கொண்டு. அதற்கு ஒவ்வொருவரும் தானாக மனந்திரும்பி மறுபடியும் பிறக்க வேண்டும். மரித்தோர் எழுந்திருப்பார்கள், நியாயத்தீர்ப்பு உண்டு.

பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் டேவிட் பெபிங்டன் 1989-ல் இந்தப் பாரம்பரியத்துக்கு நான்கு அடையாளங்களைச் சொன்னார்: வேதாகமத்துக்குக் கொடுக்கும் இடம், சிலுவையை மையமாக வைப்பது, மனந்திரும்புதலை வலியுறுத்துவது, சும்மா இராமல் ஊழியம் செய்வது. 'நீங்க இரட்சிக்கப்பட்டீங்களா?' என்று ரயிலில் முன்பின் தெரியாதவர் கேட்டால், மூன்றாவதும் நான்காவதும் ஒன்றாக வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம்.

திரித்துவமும் கன்னிப்பிறப்பும் உயிர்த்தெழுதலும் கத்தோலிக்கருக்கும் உண்டு. கடைசி அதிகாரம் வேதத்துக்கு மட்டுமா, இரட்சிப்பு விசுவாசத்தால் மட்டுமா என்ற இரண்டு 'மட்டும்'களில்தான் சுவிசேஷ சபை தனியாகப் பிரிகிறது.

ஆக, அடிப்படை நம்பிக்கையை வைத்து இந்தச் சபைகளைத் தரம் பிரிக்க முடியாது. ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: திரித்துவம். 'இயேசுவின் நாமத்தினாலே' மட்டுமே ஞானஸ்நானம் கொடுத்து, பிதா குமாரன் ஆவி என்று மூன்றாகப் பிரிப்பதே தவறு என்று போதிக்கும் பெந்தெகொஸ்தே பிரிவுகளும் உண்டு. பாட்டும் ஜெபமும் ஒன்றுபோலவே இருக்கும், அடித்தளம் வேறு.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் ஆறு கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன். ஞானஸ்நானம் யாருக்கு? அந்நிய பாஷை (படிக்காத மொழியில் ஆவியால் பேசுவது), சுகமளித்தல் போன்ற ஆவியின் வரங்கள் இன்றும் உண்டா? சபையை ஆளுவது யார், அவரைக் கேள்வி கேட்பது யார்? பணம் எப்படி வருகிறது, கணக்கு யாருக்குத் தெரியும்? பெண்கள் என்ன செய்யலாம்? கல்யாணத்துக்கும் சாவுக்கும் சபை என்ன செய்யும்?

இரண்டாம் வருகையின் கால அட்டவணையை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. இரகசிய வருகை உபத்திரவ காலத்துக்கு முன்னா பின்னா என்று சண்டை போட்டுச் சபை மாறியவர்கள் உண்டு. ஆனால் அதை வைத்து எட்டு மாதப் பிள்ளையோடு எங்கே உட்காருவது என்று முடிவு செய்ய முடியாது.

| | சி.எஸ்.ஐ. | சகோதரர் சபை | பெந்தெகொஸ்தே | சுயாதீன சபை |
|---|---|---|---|---|
| ஞானஸ்நானம் | குழந்தைக்கும் உண்டு. தெளிப்பே வழக்கம் | விசுவாசித்தவருக்கு மட்டும், முழுக்கு | விசுவாசித்தவருக்கு மட்டும், முழுக்கு | பெரும்பாலும் முழுக்கு |
| அந்நிய பாஷை | ஆராதனையில் இல்லை | நின்றுபோனது என்பார்கள் | உண்டு, எதிர்பார்க்கப்படும் | போதகரைப் பொறுத்தது |
| ஆளுகை | பேராயர், கமிட்டி, சினாட் (தலைமைப் பேரவை) | உள்ளூர் மூப்பர்கள் | போதகரும் அமைப்பும் | போதகர் |
| பணம் | சந்தா, காணிக்கை, பண்டிகை | விசுவாசிகளின் காணிக்கை | தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒன்று), காணிக்கை | தசமபாகம், காணிக்கை, 'விதைப்பு' |
| பெண்கள் | குருவானவர் ஆகலாம் | முக்காடு, சபையில் மௌனம் | ஜெபம், சாட்சி உண்டு. மற்றது இடத்துக்கு இடம் மாறும் | பெரும்பாலும் போதகரின் மனைவி முன்னிற்பார் |
| கல்லறை | பல சேகரங்களுக்கு (உள்ளூர்ச் சபைகளுக்கு) சொந்தமாக உண்டு | சில இடங்களில் | சில இடங்களில் | பெரும்பாலும் இல்லை |

கட்டத்துக்குள் அடைத்தால் எல்லாம் சுத்தமாகத் தெரியும். உள்ளே போனால் அப்படி இருக்காது.

## சி.எஸ்.ஐ.: யாரும் கேட்காத வீடு

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், ஏற்கெனவே ஒன்றாகியிருந்த பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் சேர்ந்த கூட்டு. திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளுக்கு வேர் இன்னும் பழையது. சர்ச் மிஷனெரி சொசைட்டியின் ரேனியஸ் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தார். அந்தச் சொசைட்டி ஆங்கிலிக்கன் சபைக்குள் இருந்த சுவிசேஷப் பிரிவினர் தொடங்கியது. அதனால் 'சி.எஸ்.ஐ. சுவிசேஷ சபையா?' என்று யாராவது சந்தேகமாகக் கேட்டால், அவர்கள் வேரே அந்த மரபில்தான் என்று சொல்லலாம்.

ஆனால் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சி.எஸ்.ஐ.யின் எழுத்து வடிவ விசுவாசம் அப்போஸ்தலருடைய விசுவாசப் பிரமாணமும் நிசேயா விசுவாசப் பிரமாணமும். ஞாயிறுதோறும் எழுந்து நின்று சொல்கிறோம். 'மறுபடியும் பிறந்தாயா' என்ற கேள்வி அதில் நேரடியாக இல்லை. அதைக் கேட்பதும் கேட்காததும் அந்தந்தச் சேகரத்து ஐயரை, அதாவது குருவானவரைப் பொறுத்தது. ஒரு ஐயர் மனந்திரும்புதலைப் பற்றி உருகிப் பிரசங்கிப்பார். சில வருடத்தில் அவர் மாற்றலாகிப் போவார். அடுத்து வருபவர் இருபது நிமிடம் சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசுவார். இரண்டும் சபைக்குள் செல்லும்.

மறைமுகமான செலவு இதுதான்: நீங்கள் விசுவாசிக்கிறீர்களா என்று யாருமே கேட்காமல் இங்கே எழுபது வயது வரை வாழ்ந்துவிட முடியும். குழந்தையில் ஞானஸ்நானம், பதினைந்து வயதில் திடப்படுத்தல் (பேராயர் கை வைத்து முழு அங்கத்தினராக்கும் சடங்கு), அப்புறம் திருவிருந்து, ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்துக் கல்யாணம், கடைசியில் கல்லறைத் தோட்டம். ரயில் பாதை மாதிரி போகும். எனக்குத் திடப்படுத்தல் ஆனபோது நான் கவலைப்பட்டது என் வெள்ளைச் சட்டை, ஐயரின் மேசையிலிருந்த மெழுகுவர்த்தியில் பட்டுவிடுமோ என்றுதான்.

இன்னொரு செலவு அரசியல். பள்ளி, கல்லூரி, மருத்துவமனை என்று சொத்து இருப்பதால் திருமண்டலத் (பேராயரின் ஆளுகைப் பகுதி) தேர்தல் ஊராட்சித் தேர்தலைப் போல நடக்கும் இடங்கள் உண்டு; வழக்கும் உண்டு. சாதியும் அங்கேதான் தலைகாட்டும். யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை என்று வாசித்துவிட்டு வெளியே வந்து, எந்த அணியில் யார் ஆள் என்று கணக்குப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். மற்றச் சபைக்காரர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். உங்கள் வரன் தேடும் விளம்பரங்களையும் நான் வாசிக்கிறேன்.

ஆதாயம் என்ன? எந்தத் தனிமனிதரும் சபையைக் கையில் வைத்துக்கொள்ள முடியாது. ஐயர் பிடிக்கவில்லையென்றால் காத்திருந்தால் போதும். கணக்கு கமிட்டிக்கு வரும். ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு, வாலிபர் ஐக்கியம் எல்லாம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். பெண்களுக்குக் குருத்துவ அபிஷேகம் 1970-களிலேயே தொடங்கியது. 2013-ல் நந்தியால் திருமண்டலத்துக்கு ஒரு பெண் பேராயரே வந்தார். ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒரே வாழைத்தாரை வாங்கியவர் திரும்பக் கொடுக்க, அதை மறுபடி ஏலம் விட்டு, ஐந்தாவது தடவை அது கறுத்துப்போன பிறகும் ஆயிரம் ரூபாய்க்குப் போவதைப் பார்க்கும் சந்தோஷம் வேறு எங்கும் கிடைக்காது. அது விசுவாசமா என்று கேட்டால் தெரியாது. ஆனால் அது ஒரு சபை.

## சகோதரர் சபை: ஒரு அப்பம், ஒரு பாத்திரம்

ரேனியஸ் கதை இன்னும் முடியவில்லை. ஆங்கிலிக்கன் சபையின் குருப்பட்ட முறையையும் ஜெபப் புத்தகத்தையும் அவர் கேள்வி கேட்டார். 1835-ல் சொசைட்டி அவரை நீக்கியது. அதே காலத்தில் அந்தோணி நாரிஸ் க்ரோவ்ஸ் என்ற முன்னாள் பல் வைத்தியர் இங்கிலாந்திலிருந்து பாக்தாத் வழியாக இந்தியா வந்திருந்தார். குருவானவர் என்ற தனி வகுப்பே வேண்டாம், விசுவாசிகள் கூடி அப்பம் பிட்கலாம் என்பது அவர் கொள்கை. ரேனியஸிடம் படித்த ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் க்ரோவ்ஸோடு சேர்ந்தார். பின்னால் கிறிஸ்டியான்பேட்டை என்ற ஊரையே உருவாக்கினார். 'யார் குருப்பட்டம் கொடுப்பது?' என்பது நம் ஊரில் கிட்டத்தட்ட இருநூறு வருடச் சண்டை.

ஞாயிறு காலை உள்ளே போனால் மேடை இருக்காது. நடுவில் ஒரு மேசை, வெள்ளைத் துணி, ஒரு முழு அப்பம், ஒரு பாத்திரம். சுற்றிலும் நாற்காலிகள். ஆராதனையை நடத்துபவர் என்று யாருமில்லை. ஐந்து நிமிடம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் ஒரு சகோதரர் பாட்டு எண் சொல்வார். இன்னொருவர் ஜெபிப்பார். ஒரு மணி நேரம் கழித்து அப்பம் பிட்கப்பட்டுக் கைமாறும். கல்லூரியில் முதல் தடவை போனபோது பின்வரிசையில் உட்காரச் சொன்னார்கள். அப்பம் என்னைத் தாண்டிப் போனது. சி.எஸ்.ஐ. ஞானஸ்நானம் அங்கே ஞானஸ்நானம் கிடையாது. நான் எடுக்கவில்லை, அதனால் நான்கு வருடமும் பின்வரிசைதான். யாரும் கோபித்துக்கொள்ளவும் இல்லை, யாரும் விதியைத் தளர்த்தவும் இல்லை. வேறு ஊர்ச் சகோதரர் சபையிலிருந்து வருபவரும் தன் சபையின் பரிந்துரைக் கடிதத்தோடுதான் வர வேண்டும்.

வேதத்தை வசனம் வசனமாகப் படிக்க வேண்டுமென்றால் இதைப் போன்ற இடம் இல்லை. எனக்கு இன்று தெரிந்த ரோமர் நிருபம் அந்தப் பின்வரிசையில் கிடைத்தது. பணத்தைப் பற்றிப் பேச்சே இருக்காது. வெளியாட்களிடம் காணிக்கை எதிர்பார்ப்பதில்லை. முழுநேர ஊழியருக்கும் பெரும்பாலும் நிலையான சம்பளம் கிடையாது.

செலவு பெண்கள் பக்கம் விழுகிறது. முக்காடு ஒரு பெரிய விஷயமில்லை என்று சொல்லும் சகோதரிகள் பலரைத் தெரியும். மௌனம்தான் கடினம். வேதாகமக் கல்லூரியில் படித்து, ஊர் ஊராகப் பெண்கள் கூட்டங்களில் பேசும் ஓர் அக்கா, தன் சொந்தச் சபையில் ஒரு பாட்டு எண்கூடச் சொல்ல முடியாது. உங்கள் மனைவி அப்படிப்பட்டவர் என்றால், முடிவை அவரிடம் விடுங்கள்.

இரண்டாவது செலவு: மேல்முறையீடு கிடையாது. ஒவ்வொரு சபையும் தனி. இரண்டு மூப்பர்களுக்குள் மனஸ்தாபம் வந்தால் தீர்த்துவைக்கப் பேராயரும் இல்லை, கமிட்டியும் இல்லை. அடுத்த தெருவில் இன்னொரு சபை தொடங்கும்.

பக்த்சிங் 1941-ல் சென்னையில் தொடங்கிய யெகோவா ஷம்மா வழி வந்த சபைகளும் இதன் சொந்தக்காரர்கள் மாதிரிதான். ஆராதனை நீளம், உருக்கம் கொஞ்சம் அதிகம். ஆராதனை முடிந்து எல்லாரும் பாயில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடும் அன்பின் விருந்து அங்கே வாரவாரம் உண்டு. ஊருக்குப் புதிதாக வந்த தனியாள் வாலிபருக்கு அதுவே பாதி மருந்து.

## பெந்தெகொஸ்தே: ஒரே பெயரில் இரண்டு உலகம்

அமெரிக்காவில் 1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில் எழுந்த எழுப்புதலைத்தான் எல்லாரும் தொடக்கமாகச் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், அதற்கு 46 வருடம் முன்பே, 1860-ல், அருளப்பனின் திருநெல்வேலிச் சபைகளில் அந்நிய பாஷையும் தீர்க்கதரிசனமும் எழும்பியதை அவரே எழுதிவைத்திருக்கிறார். சகோதரர் சபை மரபில் வந்தவர்! இன்றைய சகோதரர் சபையில் அதைச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அசெம்பிளிஸ் ஆஃப் காட் 1914-ல் அமெரிக்காவில் அமைந்தது. அதன் அடிப்படைச் சத்தியங்கள் பதினாறு. பெரும்பாலானவை நான் மேலே சொன்ன பொதுப் பட்டியலிலேயே வந்துவிடும். தனியாக நிற்பது ஒன்று: பரிசுத்த ஆவியின் அபிஷேகம் இரட்சிப்புக்குப் பிறகு வரும் தனி அனுபவம், அதன் முதல் வெளி அடையாளம் அந்நிய பாஷை. நடைமுறையில் இதன் பாரம் பெரிது. ஐந்து வருடமாக வரும் உங்களுக்கு அது வரவில்லையென்றால், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். ஆனால் உபவாச ஜெபத்தில் உங்கள் தலைமேல் கை வைக்கும் நேரம் நீண்டுகொண்டே போகும். எனக்கு அப்படி நீண்டது.

பெந்தெகொஸ்தே மிஷன், அதாவது நம் ஆட்கள் டி.பி.எம். என்று சொல்வது, முற்றிலும் வேறு உலகம். 1920-களில் இலங்கையில் போதகர் பால் தொடங்கியது. பழைய பெயர் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன். தாம்பரம் இரும்புலியூர் கன்வென்ஷனுக்கு வரும் வெள்ளை உடைக் கூட்டத்தைப் பார்க்காத சென்னைவாசி இருக்கமாட்டார். ஊழியர்கள் திருமணம் செய்வதில்லை. விசுவாச வீடுகளில் சேர்ந்து வாழ்கிறார்கள். மருந்து எடுப்பதில்லை, தெய்வீக சுகத்தையே நம்புகிறார்கள். விசுவாசிகளிடமும் நகை இருக்காது. இந்தத் துறவைக் கேலி செய்பவர்கள், அந்த ஊழியர்களில் ஒருவர் கையில் ஒரு சின்னப் பெட்டியோடு ஊர் மாறுவதை ஒரு தடவை பார்க்க வேண்டும். ஆனால் குடும்பத்தில் ஒருவர் மட்டும் அங்கே சேர்ந்தால், தாலிக்கொடியிலிருந்து காய்ச்சல் மாத்திரை வரை எல்லாம் பேச்சுவார்த்தைக்கு வரும். இருவரும் ஒருமனதாகப் போகாத வீட்டுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

மருந்து விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். அசெம்பிளிஸ் ஆஃப் காட் மருத்துவத்தை விலக்கச் சொல்வதில்லை. இருந்தாலும் பெயர் தேவையில்லாத ஒரு சிறிய சபையில், எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் ஜெபத்துக்குப் பிறகு சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. 'சுகமானேன்' என்று மைக்கில் சாட்சி சொன்ன பிறகு எப்படித் திரும்ப மாத்திரை போடுவது என்ற கூச்சம். கால் விரல் ஒன்று போன பிறகுதான் மருத்துவமனை. அதனால் சேருவதற்கு முன் போதகரிடம் நேராகக் கேளுங்கள்: உங்கள் வீட்டில் யாருக்காவது பிரஷர் மாத்திரை உண்டா? பதில் வரும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

இதெல்லாம் இருந்தும் ஆறு வருடம் அங்கே இருந்தேன். காரணம் உண்டு. எங்கள் இரண்டாவது பிள்ளை ஐ.சி.யூ.வில் இருந்தபோது, இரவு பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் எட்டுப் பேர் நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. ஒருவர் பிளாஸ்க்கில் காப்பி கொண்டு வந்திருந்தார். ஜெபம் சத்தமாக இருந்தது, நர்ஸ் வந்து திட்டினார், மெல்ல ஜெபித்தார்கள், போகவில்லை. என் சொந்தச் சேகரத்திலிருந்து ஐயர் மறுநாள் மாலை வந்தார். அவர் பொறுப்பில் ஐந்து ஆலயங்கள். குடி, கடன், வியாதி என்று வாழ்க்கை உடைந்து நிற்கும் ஒருவருக்கு எந்தச் சபை என்று கேட்டால், நான் இன்றும் நல்ல பெந்தெகொஸ்தே சபை ஒன்றைத்தான் சொல்வேன்.

## சுயாதீன சபை: எல்லாம் பாஸ்டர்

எந்தப் பெரிய அமைப்பிலும் சேராமல் தனியாக நடக்கும் சபைகள் இவை. இதைப் பொதுவாகப் பேச முடியாது. மாடியில் தகரக் கொட்டகை போட்டு முப்பது பேரோடு உண்மையாக ஊழியம் செய்பவரும் இதில்தான். கல்யாண மண்டபத்தை வாங்கி எல்.இ.டி. திரை போட்டவரும் இதில்தான். நகரத்தின் புதுக் குடியிருப்புகளில் நடந்து போகும் தூரத்தில் இருப்பது பெரும்பாலும் இதுதான். முதல் நாளே உங்கள் பெயரைத் தெரிந்துகொள்வதும் இவர்கள்தான்.

மூன்று கேள்வி போதும். கணக்கை யார் பார்க்கிறார்கள்? போதகர் தவறினால் அவரை நிறுத்த யாருக்கு அதிகாரம்? அவருக்குப் பிறகு யார்? மூன்றுக்கும் பதில் 'தேவன்' என்று வந்தால் செருப்பைத் தேடுங்கள். டிரஸ்ட் பத்திரத்தில் கணவன், மனைவி, மகன் பெயர் மட்டும் இருந்தால் அது சபையின் சொத்து ஆகாது, குடும்பச் சொத்து. பத்தில் ஒரு பங்கு கொடுப்பது வேறு. 'விதையுங்கள், நூறத்தனையாய் அறுப்பீர்கள்' என்று கடன் வாங்கி விதைக்கச் சொல்வது வேறு. கிருபையினாலே என்று விசுவாச அறிக்கையில் அச்சடித்துவிட்டு ஆசீர்வாதத்துக்கு விலைப்பட்டியல் போட்டால், அச்சடித்ததை அவர்களே அடித்துவிட்டார்கள்.

## கல்யாணமும் கல்லறையும்

சபை தேடும் முப்பது வயதுக்காரர்கள் இதைக் கேட்பதே இல்லை.

1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, பேராயரால் அபிஷேகம் பெற்ற குருவானவர் தன் சபை முறைப்படி திருமணம் நடத்தலாம். பேராயர் முறை இல்லாத சபைகளின் போதகருக்கு அரசு உரிமம் வேண்டும். எல்லாரிடமும் அது இருக்காது. இல்லாத போதகர் உரிமம் உள்ள இன்னொருவரை அழைத்து வருவார், அதில் தவறில்லை. கையெழுத்துப் போடுபவர் யார், அவர் உரிமம் நடப்பில் உள்ளதா என்று முன்கூட்டியே பாருங்கள். விசாவுக்கு நிற்கும்போது தெரிவது தாமதம்.

கல்லறை இன்னும் கஷ்டம். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் இருபது வருடமாக ஒரு வீட்டுச் சபைக்குப் போனவர். ஒரு சனிக்கிழமை இரவு இறந்தார். போதகர் நல்ல மனிதர், விடிய விடிய உடனிருந்தார். ஆனால் அடக்கம் பண்ண இடம் இல்லை. சென்னையின் பழைய கல்லறைகளில் புதுக் குழிக்கு இடநெருக்கடி. குடும்பக் கல்லறை உள்ளவர்களுக்கே பழைய குழியைத் திறந்து கொடுக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு அவர் மகன் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினான். அப்பாவின் பழைய சி.எஸ்.ஐ. சந்தா அட்டை கிடைத்தது. கடைசியாகக் கட்டியது பதினெட்டு வருடத்துக்கு முன். கமிட்டிச் செயலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாக்கியைக் கட்டச் சொன்னார், கட்டினான், ஞாயிறு ஆராதனை முடிந்து மூன்று மணிக்கு அடக்கம். வீட்டுச் சபைப் போதகர் தோட்டத்து வாசலுக்கு வெளியே நின்று ஜெபித்தார். உள்ளே அவருக்கு அனுமதி இல்லை.

அன்று இரண்டு சபைகள் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

## யாருக்கு எது

குழந்தைகள் வளரும் வீடு, வயதான பெற்றோர் கூட இருக்கிறார்கள், ஊரோடு வேர் அறுந்துவிடக் கூடாது என்றால் சி.எஸ்.ஐ. பக்கம் போங்கள், ஆனால் வேதபாடத்தை வெளியே எங்காவது தேடிக்கொள்ள வேண்டியிருக்கும். வேதத்தை ஆழமாகப் படிக்க வேண்டும், மேடையும் மைக்கும் ஒத்துவராது, வீட்டுப் பெண்கள் அந்த ஒழுங்கை மனதார ஏற்கிறார்கள் என்றால் சகோதரர் சபை. ஜெபிக்க ஆள் வேண்டும், கைதூக்கிவிட ஆள் வேண்டும் என்கிற நிலையில் பெந்தெகொஸ்தே. சுயாதீன சபைக்கு, போதகரை ஒரு வருடமாவது பார்த்த பிறகு, மேலே சொன்ன மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்தால்.

கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் என்றால் ஞானஸ்நானக் கேள்வியை முதலில் எடுங்கள். மற்றதில் விட்டுக்கொடுக்கலாம், இதில் திரும்ப வருவது கடினம். சி.எஸ்.ஐ.யில் குழந்தை ஞானஸ்நானம் பெற்றவர் பின்னால் முழுக்கு எடுத்தால், அதை மறு ஞானஸ்நானம் என்பார்கள். சில சேகரங்களில் பெயரையே பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். முழுக்கு எடுக்காவிட்டால் சகோதரர் சபையிலும் பெந்தெகொஸ்தேயிலும் முழு அங்கத்தினர் ஆக முடியாது. அதாவது பெங்களூரு மாற்றலோ பெந்தெகொஸ்தே சம்பந்தமோ வரும்போதெல்லாம் இந்தத் தண்ணீர்க் கேள்வி திரும்ப எழும்.

தம்பி போன வாரம் மறுபடி போன் செய்தார். வீட்டுக்குப் பக்கத்துச் சி.எஸ்.ஐ. ஐயரைப் போய்ப் பார்த்தாராம். பையனுக்கு இப்போது ஜெபித்து அர்ப்பணம் மட்டும் செய்துவிட்டு, அவன் வளர்ந்து கேட்கும்போது ஞானஸ்நானம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். "வளர்ந்தவங்களுக்கான முறைமையும் நம்ம ஜெபப் புத்தகத்துலயே இருக்கு தம்பி. தாமதமானா நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றாராம் ஐயர். மனைவிக்குச் சம்மதம். வெள்ளிக்கிழமை இரவு ஜெபத்துக்கு இருவரும் மனைவியின் பழைய சபையின் கிளைக்குப் போவதாக ஏற்பாடு.

"எல்லாம் சரி அண்ணே, ஊர்ல அம்மாகிட்ட மட்டும் நீங்க சொல்லிருங்க" என்கிறார். அவர்கள் நம்பரையும் அனுப்பிவிட்டார். இன்னும் நான் போடவில்லை.